கச்சோலமும் எருக்கலம்பிட்டியும்

மன்னார் மாவட்டத்தின் ஊர்ப் பெயர்களை வரிசையாக எழுதிப் பார்த்தால், அது பெரும்பாலும் ஒரு தாவரப் பட்டியலாகவே அமைந்துவிடும். விடத்தல்தீவில் விடத்தல் என்ற முள்மரம் இருக்கிறது. இலுப்பைக்கடவையில் இலுப்பை, பாலம்பிட்டியில் பாலை, வட்டக்கண்டலில் கண்டல், மருதமடுவில் மருது. அடம்பன் என்றதும் கடற்கரை மணலில் படரும் அடம்பங்கொடி நினைவுக்கு வருகிறது. ஊருக்குப் பெயரிட்டவர்கள் அரசர்களையோ அதிகாரிகளையோ தேடிப் போகவில்லை. காலடியில் எது முளைத்திருந்ததோ அதையே பெயராக்கினார்கள்.

மன்னார்த் தீவின் வடகரையில் உள்ள எருக்கலம்பிட்டியும் அவ்வகையைச் சேர்ந்ததே. எருக்கை எருக்கலை என்பது ஈழத்துப் பேச்சுவழக்கு. பிட்டி என்றால் மேட்டுநிலம். எருக்கலை மண்டிய மணல்மேடு என்று இப்பெயருக்குப் பொருள்கொள்வதில் தடை ஏதும் இல்லை. தலைமுறை தலைமுறையாக முஸ்லிம் மக்கள் வாழ்ந்துவரும் இவ்வூர் கடல் தொழிலுக்கும் வணிகத்துக்கும் பெயர்பெற்றது.

எருக்கு யாருடைய தயவையும் வேண்டாத செடி. நிழல் கேட்காது, நீர் கேட்காது, நல்ல மண்ணும் கேட்காது. உச்சி வெயிலில் உப்புக் காற்றைத் தாங்கிக்கொண்டு ஆண்டு முழுவதும் பூத்து நிற்கும். எளியோர் சூட்டும் எருக்கம்பூவையும் தெய்வங்கள் வேண்டாம் என்று சொல்வதில்லை என்று கபிலர் பாரியைப் பாடிய புறநானூற்றின் 106-ஆம் பாட்டில் இச்செடிக்கு ஒரு நிலையான இடம் கிடைத்துவிட்டது.

நான் இங்கு எழுத எடுத்துக்கொண்டது இதற்கு நேரெதிரான ஒரு செடியைப் பற்றி. நிழல் இல்லையென்றால் வாடிவிடும் செடி அது. மன்னாரின் மணலில் தானாக முளைக்காது. ஆனால் அதன் பெயருக்கு நேர்ந்த கதையும் எருக்கலம்பிட்டி என்ற பெயருக்கு நேர்ந்த கதையும் ஒன்றையொன்று விளக்குகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. அச்செடி கச்சோலம்.

நிழலில் கிடக்கும் செடி

கச்சோலம் இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்தது. இஞ்சியைப் போலவோ மஞ்சளைப் போலவோ நிமிர்ந்து வளராது. கிழங்கிலிருந்து இரண்டு அல்லது மூன்று அகன்ற இலைகள் எழும்பி, தரையோடு தரையாக ஒட்டிக் கிடக்கும். மரநிழலும் ஈரமும் மக்கிய இலையும் உள்ள இடத்தில் அது செழிக்கும். நேர்வெயில் பட்டால் இலைகள் சுருண்டு கருகும். இலைகளின் நடுவிலிருந்து வெண்மையான மெல்லிய பூ ஒன்று காலையில் விரியும். அதன் இதழடியில் ஊதாக் கறை இருக்கும். அன்றைய பொழுதுக்குள் அது வாடிவிடும், மறுநாள் வேறொரு பூ. வறட்சிக் காலம் வந்தால் இலைகள் முற்றாக மடிந்து, செடி இருந்த இடமே தெரியாமல் போகும். கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கியிருந்து மழைக்குப் பின் மீண்டும் தளிர்க்கும்.

இதன் மதிப்பு கிழங்கில் இருக்கிறது. காயவைத்த கிழங்குத் துண்டின் மணம் பல ஆண்டுகள் நீடிக்கும். துணிப்பெட்டியில் பூச்சி அண்டாமல் இருக்கவும், குளியல் பொடியில் மணம் சேர்க்கவும், இருமலுக்கும் சளிக்கும் மருந்தாகவும் இது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பயன்பட்டுவருகிறது. சிங்களத்தில் இதை இஙுருபியலி என்கிறார்கள். இந்தோனேசியாவில் கெஞ்சூர் என்ற பெயரில் இது அடுக்களைப் பொருளாகவே ஆகிவிட்டது. அரிசியும் கெஞ்சூரும் சேர்த்து அரைத்துச் செய்யும் பானத்தை அங்கு வீதியோரத்திலும் பருகலாம்.

தமிழில் இச்சொல் பழமையானது. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில், மாதவியின் கூந்தலை நறுநீரில் ஆட்டும் இடத்தில் முப்பத்திரண்டு வகை ஓமாலிகை பேசப்படுகிறது. அவை எவையெவை என்று எண்ணிச் சொல்லும் உரைமரபுப் பட்டியலில் இலவங்கம், ஏலம், நன்னாரி ஆகியவற்றோடு கச்சோலமும் நிற்கிறது. மணப்பொருளாக இச்சொல் எத்தனை நூற்றாண்டுகளாக நம்மிடம் புழங்குகிறது என்பதற்கு அதுவே போதிய சான்று.

இத்தகைய மணப்பொருள்களின் கடல்வழியில்தான் மன்னார்க் கரை அமைந்திருந்தது. தீவுக்கு எதிரே பெருநிலத்தில் உள்ள மாந்தை, அநுராதபுர காலத்தின் பெருந்துறைமுகம். அங்கு 2009-2010 இல் நடந்த அகழ்வில் கிடைத்த தாவர எச்சங்களின் ஆய்வு 2018 இல் வெளியாயிற்று. ஏறத்தாழ கி.பி. 600 ஐ ஒட்டிய மிளகும், 900-க்கும் 1100-க்கும் இடைப்பட்ட காலத்தைச் சேர்ந்த ஒற்றைக் கிராம்பும் அவற்றில் இருந்தன. கிராம்பு அக்காலத்தில் மலுக்குத் தீவுகளில் மட்டுமே விளைந்தது. அங்கிருந்து ஆயிரக்கணக்கான மைல் கடந்து மாந்தை மண்ணில் விழுந்த அந்த ஒரு மொட்டு, இக்கரையின் வணிகம் எவ்வளவு தூரம் கைநீட்டியது என்பதைச் சொல்லப் போதுமானது. மன்னார்த் தீவில் இன்றும் நிற்கும் பெருக்கமரங்கள் ஆப்பிரிக்காவுக்கு உரியவை. அவற்றை அரபு வணிகர் கொண்டுவந்தனர் என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை.

ஒரு கிழங்கு, பல பெயர்கள்

பழைய சொல் என்றேன். ஆனால் அச்சொல் இன்று எந்தக் கிழங்கைக் குறிக்கிறது என்று கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன் கொழும்பில் ஒரு நாட்டு மருந்துக் கடையிலும் சென்னையில் இன்னொன்றிலும் கச்சோலம் கேட்டு வாங்கினேன். இரண்டையும் மேசைமேல் வைத்துப் பார்த்தபோது அவை ஒரே பொருள் அல்ல என்பது கண்ணுக்கும் மூக்குக்கும் தெளிவாகத் தெரிந்தது. இரண்டாவது கடையில் கிடைத்தது கற்பூர வாசம் வீசும் கிச்சிலிக்கிழங்கு, மஞ்சளின் உறவு. கச்சோலம், கிச்சிலிக்கிழங்கு, பூலாங்கிழங்கு என்ற மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்றிக் கொடுக்கப்படுவது புதிதல்ல. வடமொழியின் கர்ச்சூரம் என்ற சொல்லும் இப்படியே பல கிழங்குகளின்மேல் அலைந்திருக்கிறது.

எனவே, ஒரு செடிக்கு உலகெங்கும் ஒரே பெயர் என்ற ஐரோப்பியத் தாவரவியலாரின் ஏற்பாடு வீணான ஒன்றல்ல. மருந்து மாறினால் நோயாளிக்குக் கேடு என்பதை அறிந்தவர்கள் அதை வரவேற்கத்தான் செய்வார்கள். ஆனால் அந்த ஏற்பாட்டில் நம் செடிக்கு யாருடைய பெயர் கிடைத்தது, யாருடைய பெயர் விடுபட்டது என்பதில்தான் வரலாறு இருக்கிறது.

ஒல்லாந்தர் மன்னாரைப் போர்த்துக்கேயரிடமிருந்து 1658 இல் கைப்பற்றினர். 1795 இல் ஆங்கிலேயரிடம் இழக்கும்வரை அது அவர்கள் கையில் இருந்தது. மன்னார்க் கரையில் அவர்கள் கண் முத்திலும், துணிக்குச் செந்நிறம் ஏற்றும் சாயவேரிலும் பதிந்திருந்தது. ஆனால் அவர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. ஐரோப்பாவிலிருந்து வரும் மருந்துச் சரக்கு விலை மிகுந்தது, கப்பலிலேயே கெட்டும் போனது. ஆசியாவில் கிடைக்கும் மூலிகைகளைக் கொண்டே தம் படைவீரரைக் குணப்படுத்த முடியுமானால் செலவு குறையும். கம்பெனியின் மருத்துவர்கள் தாவரவியலாளர்களாகவும் ஆனதற்கு அறிவுத் தாகத்தோடு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

மலபாரில் கம்பெனியின் தளபதியாக இருந்த வான் ரீட் தொகுப்பித்த ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளியாயிற்று. அதன் பதினோராம் தொகுதியில் கச்சோலக்கிழங்கு, அதே பெயரோடு, ஒல்லாந்தர் காதுக்குக் கேட்டவாறு இலத்தீன் எழுத்தில் அச்சேறியது. படங்களில் செடிகளின் பெயர்கள் மலையாள எழுத்திலும் அரபு எழுத்திலும் பொறிக்கப்பட்டன. அதைவிட முக்கியமானது, அந்நூலின் முதல் தொகுதியில் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரின் வாக்குமூலம் அவருடைய மொழியிலேயே அச்சிடப்பட்டது. தம் குடும்பத்து ஏடுகளிலிருந்தும் அனுபவத்திலிருந்தும் செடிகளின் பெயர்களையும் குணங்களையும் சொன்னவர் தாமே என்று அவர் அதில் கூறுகிறார். ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்ற மூன்று கொங்கணி அறிஞர்களின் சான்றும் அங்கே இருக்கிறது.

இலங்கையில் நடந்தது வேறு. பவுல் ஹெர்மன் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1670-களில் கம்பெனிச் சேவையில் இங்கே இருந்தபோது, ஏராளமான செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டிச் சேர்த்தார். உள்ளூர்ப் பெயர்களையும் குறித்துக்கொண்டார். பின்னர் லெய்டன் நகரில் தாவரவியல் பேராசிரியராகி 1695 இல் இறந்தார். அவருடைய ஏடுகள் கை மாறிக் கண்மறைந்து கிடந்து, 1744 இல் டென்மார்க்கின் அரச மருந்தாளர் ஒருவரிடம் வெளிப்பட்டன. அவற்றை ஆராய்ந்து லின்னேயஸ் எழுதியதே 1747 இல் வெளியான ஃபுளோரா சைலானிக்கா. ஹெர்மனின் ஏடுகள் இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. காட்டு வழியில் அவருக்கு முன்னால் நடந்து, இது இன்ன செடி, இதன் கிழங்கு இன்ன நோய்க்கு ஆகும் என்று சொன்னவர்கள் யார்? அவர்கள் சொன்ன சொற்கள் ஏட்டில் இருக்கின்றன. சொன்னவர்களின் பெயர்கள் இல்லை. ஓர் இட்டி அச்சுதனை ஹெர்மன் நமக்கு விட்டுச் செல்லவில்லை.

லின்னேயஸ் 1753 இல் வெளியிட்ட ஸ்பீசிஸ் பிளாண்டாரம் என்ற நூல்தான் தாவரங்களின் அறிவியல் பெயர்களுக்கு இன்றளவும் தொடக்க எல்லை. அப்பெருநூலின் இரண்டாம் பக்கத்திலேயே நம் கச்சோலம் வந்துவிடுகிறது. அங்கு அதன் பெயர் கெம்ப்பெரியா கலங்கா. இரண்டாவது சொல் அரத்தை இனத்தைக் குறிக்கும் பழைய வணிகச் சொல், அரபு மொழி வழியாக ஐரோப்பாவுக்குச் சென்றது. அரத்தை வேறு, கச்சோலம் வேறு. கடையில் எனக்கு நேர்ந்தது போன்றதொரு குழப்பம், பெயரிலேயே நிலைத்துவிட்டது. முதற்சொல் ஒரு மனிதரின் பெயர்.

அந்த மனிதர்

எங்கல்பெர்ட் கெம்ப்பர் 1651 இல் ஜெர்மனியின் லெம்கோ நகரில் பிறந்தவர். சுவீடன் நாட்டுத் தூதுக்குழுவின் செயலாளராகப் பாரசீகம் சென்றார். அங்கிருந்து ஒல்லாந்தக் கம்பெனியில் மருத்துவராகச் சேர்ந்து, பந்தர் அப்பாஸ் துறைமுகத்தின் வெக்கையில் நோய்ப்பட்டுக் கிடந்து, 1688 இல் கப்பலேறி, இந்தியாவின் மேற்குக் கரையைப் பார்த்துக்கொண்டு மறுஆண்டு பத்தாவியாவை அடைந்தார். 1690 முதல் 1692 வரை ஜப்பானில் நாகசாகித் துறைமுகத்தின் தெஜிமா என்ற சிறு தீவில் இருந்தார். அந்நியர் அத்தீவைவிட்டு வெளியே செல்வதற்குக் கடுந்தடை இருந்த காலம் அது. தூதுக்குழுவோடு இருமுறை தலைநகருக்குச் சென்ற வழியிலும், தமக்கு உதவியாக இருந்த ஜப்பானிய இளைஞர் ஒருவர் வாயிலாகவும் அவர் அந்நாட்டுச் செடிகளை அறிந்தார். 1712 இல் வெளியான அவருடைய இலத்தீன் நூல்தான் கிங்கோ மரத்தையும் இன்னும் பல ஜப்பானியச் செடிகளையும் ஐரோப்பாவுக்கு அறிமுகம் செய்தது. 1716 இல் அவர் காலமானார்.

அவர் அறிமுகப்படுத்திய செடிகளில் ஒன்றைப் புலம்பெயர்ந்து வாழும் வாசகர் பலர் நாள்தோறும் பார்த்துக்கொண்டிருக்கக்கூடும். லண்டனிலோ டொராண்டோவிலோ ஒஸ்லோவிலோ வீட்டின் வெயில் படாத பக்கத்தில், அகன்ற இலைகளோடு வட்டமாக அடர்ந்து, கோடையில் வெளிர் ஊதாப் பூக்களை நீட்டும் ஹொஸ்டாதான் அது. பனிக்காலத்தில் முற்றாக மறைந்து இளவேனிலில் மீண்டும் தலைகாட்டும். மேலைநாட்டாருக்காக அதை முதலில் வரைந்து விவரித்தவர் கெம்ப்பர். ஆனால் 1812 இல் அதற்குப் பெயர் வைத்தபோது, வியன்னாவின் அரச மருத்துவரும் தாவரவியலாளருமான ஹோஸ்ட் என்பவரின் பெயரைச் சூட்டினார்கள். கெம்ப்பரின் பெயர் அதற்கு முன்பே நம் கச்சோலத்துக்குப் போய்விட்டிருந்தது.

இதில் இன்னொரு விந்தையும் உண்டு. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வெப்பம் மிகுதி, ஹொஸ்டா அங்கு நன்றாக வளர்வதில்லை. அதன் இடத்தை நிரப்ப ஃபுளோரிடா போன்ற மாநிலங்களின் தோட்டக்காரர்கள் கண்டெடுத்தது கெம்ப்பெரியா இனத்தைத்தான். இலைகளில் மயில்தோகை போன்ற கோலம் உள்ள வகைகளை மயில் இஞ்சி என்று அழைத்து, மரநிழலில் பாத்தி பாத்தியாக நடுகிறார்கள். தாய்லாந்திலும் அதன் அயல்நாடுகளிலும் இவ்வினத்தின் வகைகள் மிகுதி. இலை தோன்றும் முன்பே வெறும் தரையில் பூ மலரும் பூமி சம்பகமும் இவ்வினமே. அந்தத் தோட்டங்களைக் கடந்து செல்லும் தமிழ்க் குழந்தைக்கு அது கெம்ப்பெரியா என்று தெரிய வழியுண்டு, செடியருகே பெயர்ச்சீட்டு இருக்கும். அது கச்சோலத்தின் உடன்பிறப்பு என்று சொல்ல யார் இருக்கிறார்கள்?

கெம்ப்பர் பெருமைக்குரியவரே. அவருக்கு ஒரு செடியின் பெயர் கிடைத்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் கவனிப்பது வேறொன்று. பெயரை எழுதிவைத்த இடத்தில் மனிதர்கள் நினைக்கப்பட்டார்கள். எழுதாத இடத்தில் அவர்களின் அறிவு மட்டும் பயணம் செய்தது.

ஊரின் பெயர்

இனி எருக்கலம்பிட்டிக்கு வருகிறேன். 1990 ஒக்டோபர் இறுதியில் தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாணத்தின் முஸ்லிம் மக்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. மன்னார்த் தீவின் மக்கள் வீடுகளையும் பொருள்களையும் விட்டுவிட்டு, படகுகளில் கடல்வழியாகக் கற்பிட்டிக்குப் போனார்கள். எருக்கலம்பிட்டி வெறுமையாயிற்று. தமிழ் பேசும் மக்களைத் தமிழின் பெயரால் நடந்த போராட்டம் அவர்களின் மண்ணிலிருந்து பெயர்த்தெடுத்தது. நம் வரலாற்றை எழுதுகிற எவரும் இதைச் சுற்றிவளைக்காமல் எழுதியாக வேண்டும்.

புத்தளம் மாவட்டத்தின் உப்புக் காற்றிலும் தென்னந்தோப்புகளிலும் ஓலைக் கொட்டகைகளாகத் தொடங்கிய அகதி வாழ்க்கை இரண்டு தலைமுறை நீண்டது. வந்தவர்களில் பலர் ஊர் ஊராகவே சேர்ந்து குடியேறினர். பழைய ஊர்ப் பெயரைப் புதிய குடியிருப்புக்கும் பள்ளிக்கும் வைத்துக்கொண்டனர். நாகவில்லுப் பகுதியில் எருக்கலம்பிட்டி என்ற பெயர் அப்படித்தான் இரண்டாம் முறை வேரூன்றியது. 2009 இல் போர் முடிந்தபின் மன்னாருக்குத் திரும்பியவர்களும் உண்டு, திரும்பாதவர்களும் உண்டு, இரண்டு இடத்திலும் ஒரு கால் வைத்திருப்பவர்களும் உண்டு. பத்தொன்பது ஆண்டுகளில் காணிக்கு எல்லை மாறியிருந்தது, வேலி இருந்த இடத்தில் பற்றைக்காடு இருந்தது. புத்தளத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தாய்தந்தையர் ஊர் விருந்தினர் ஊராகத் தெரிந்தது. ஆனால் எந்த ஊர் என்று கேட்டால் சொல்வதற்கு அவர்களிடம் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லித்தான் காணியும் வாக்கும் பள்ளியும் கேட்க முடிந்தது.

தாவரவியல் நூல்களில் பெயரில்லாமல் போன அந்தப் பழைய வழிகாட்டிகளையும், ஊரின் பெயரைப் பிடித்துக்கொண்டு நின்ற இந்த மக்களையும் சேர்த்து நினைக்கும்போது ஒன்று தெளிவாகிறது. பெயரைக் காப்பது வெறும் மொழிப்பற்று அல்ல. ஒரு பெயர் எழுதப்பட்டிருந்தால் அதற்குப் பின்னால் நின்றவர்கள் ஒருநாள் உரிமையோடு கேட்கலாம். எழுதப்படாவிட்டால் கேட்கவும் ஆள் இருக்காது, கொடுக்கவும் ஆள் இருக்காது.

எருக்கலம்பிட்டியின், விடத்தல்தீவின், முசலிப் பகுதியின் முதியவர்களிடம் அந்தக் கரையின் செடிகளுக்கு வழங்கிய பெயர்கள் இன்னும் இருக்கின்றன. எந்த வேர் எந்தக் கைமருந்துக்கு, எந்த இலை எந்தக் கறிக்கு, எந்தக் கொடியால் எதைக் கட்டினார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். 1990-க்கு முன் வளர்ந்து ஆளானவர்கள் இன்று ஐம்பதைக் கடந்தவர்கள். மன்னார்ப் பள்ளி மாணவர்கள் ஒரு பயிற்சியாக இவற்றைக் கேட்டு எழுதினாலே ஒரு நல்ல நூல் கிடைக்கும். அதில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அதைச் சொன்னவர் பெயரையும் ஊரையும் அவர் இசைவோடு எழுதிவைக்க வேண்டும். ஹெர்மன் செய்யாமல் விட்டது அதுதான்.

வெளிநாட்டில் வாழும் வாசகர்களுக்கு இதைவிட எளிய ஒரு வேலை உண்டு. கச்சோலம் தொட்டியிலும் வளரும். இளம் நிழலும், நீர் தேங்காத மண்ணும் கொடுங்கள். குளிர்நாடுகளில் இலை மடிந்தபின் தொட்டியை வீட்டுக்குள் எடுத்து வைத்து, நீரை நிறுத்திவிடுங்கள். செடி செத்துவிட்டது என்று கிழங்கைத் தூக்கி எறிய வேண்டாம், அது உறங்குகிறது. பெயர்ச்சீட்டில் கெம்ப்பெரியா கலங்கா என்று இருந்தால் அதை அழிக்கவும் வேண்டாம். அதன் கீழே கச்சோலம் என்று தமிழில் எழுதிவையுங்கள்.